சர்க்கரை, வைரஸ், பூஞ்சை: எதிர்ப்புச் சக்தி தடம் மாறும்போது உடலில் என்ன நடக்கிறது?

"எதிர்ப்புச் சக்தி இல்லாதவங்களுக்குத்தான் கருப்புப் பூஞ்சை வரும்." 2021 கோடையில் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் என்று எங்கள் பக்கம் எந்த ஊரில் பேச்சுக் கொடுத்தாலும் இந்த ஒரு வாக்கியம்தான் வந்தது. இப்போதும் சர்க்கரை உள்ளவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்து மூக்கடைத்தால் வீட்டில் யாராவது இதைச் சொல்லிவிடுகிறார்கள்.

இதில் பாதிதான் சரி. தவறான பாதி நம்மை வேறு திசையில் இழுத்துவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்தது என்றால் அதைக் கூட்ட வேண்டும் என்று தோன்றும். சத்துமாவு, லேகியம், டானிக் எல்லாம் வீட்டுக்கு வரும். ரத்தச் சர்க்கரை 350இல் நிற்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆபத்து அந்த 350இல்தான் இருக்கிறது. அதனால் சர்க்கரை நோயாளிக்கு வைரஸ் காய்ச்சல் வந்தால் பூஞ்சைக்கு எப்படி வழி கிடைக்கிறது என்று அடியிலிருந்து பார்த்துவிடலாம்.

முகப்பில் கூட்டம், பின்கட்டில் ஆளில்லை

செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பு தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். முகப்பு ஒரு தெருவில் இருக்கும். திண்ணை, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருந்தால் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். அந்த வீட்டில் ஒரு கல்யாணம் நடக்கிறது. முகப்பில் திடீரென்று பெரிய தகராறு. வீட்டில் இருக்கிற அத்தனை ஆம்பளையும் முன்னால் ஓடுகிறார்கள். சத்தம், தள்ளுமுள்ளு, பந்தல்கால் சாய்கிறது, கண்ணாடி உடைகிறது. அந்த நேரம் பின்வாசல் தாழ்ப்பாள் போடாமல் கிடக்கிறது. வழக்கமாகத் தெருவோடு போய்விடுகிற ஒருவன் சாவகாசமாக உள்ளே நுழைகிறான்.

வீட்டில் ஆட்கள் குறைவில்லை, தேவைக்கு மேலேயே இருக்கிறார்கள். ஆனால் வேண்டாத இடத்தில் குவிந்து, நம் வீட்டுச் சாமானையே உடைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் இல்லாமல் போய்விட்டார்கள். மருத்துவத்தில் இதை நோயெதிர்ப்பு ஒழுங்குக் குலைவு என்கிறார்கள். அதாவது பாதுகாப்பு அமைப்பின் ஒரு பகுதி அளவுக்கு மீறி வேலை செய்ய, இன்னொரு பகுதி வேலை செய்யாமல் நிற்பது.

வீட்டுக் கதையை இதோடு விட்டுவிட்டு உடலுக்குள் போவோம்.

பூஞ்சை எங்கிருந்தோ புதிதாக வருவதில்லை

நாம் கருப்புப் பூஞ்சை என்று சொல்கிற நோயின் பெயர் மியூகோர்மைகோசிஸ். மியூகோரேல்ஸ் என்ற பூஞ்சைக் குடும்பம் இதற்குக் காரணம். இந்தியாவில் பெரும்பாலும் அதில் ரைசோபஸ் என்ற வகையைத்தான் பார்க்கிறார்கள். மண், வைக்கோல், மக்கும் குப்பை, அழுகும் பழம், ஊசிப்போன ரொட்டி எல்லாவற்றிலும் இந்தப் பூஞ்சைகள் வளரும். இவற்றின் வித்துகள் கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். ஒரு வருஷம் பூட்டிக்கிடந்த வீட்டைப் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ திறந்து கூட்டிப் பெருக்கும்போது எழுகிற தூசியிலும் இருக்கும், அரிசி ஆலைத் தூசியிலும் இருக்கும்.

நீங்களும் நானும் இந்த வித்துகளை மூச்சோடு உள்ளே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒன்றும் ஆவதில்லை. மூக்குச் சளியில் ஒட்டி வெளியேறிவிடும். மீறி உள்ளே போனதை இரண்டு வகை வெள்ளை அணுக்கள் பார்த்துக்கொள்ளும். மேக்ரோஃபேஜ் என்பது திசுக்களிலேயே குடியிருந்து, வருகிற வித்தை விழுங்கி முளைக்கவிடாமல் வைத்திருக்கும் அணு. நியூட்ரோஃபில் என்பது ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்து, தொற்று நடக்கும் இடத்துக்கு விரைந்து போய், முளைத்துவிட்ட பூஞ்சை இழையை ரசாயனங்களால் தாக்கி அழிக்கும் அணு. எலும்பு மஜ்ஜை ஒவ்வொரு நாளும் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களைச் செய்து அனுப்புகிறது. அவ்வளவு மும்முரமான ஏற்பாடு இது.

அதனால்தான் இந்தப் பூஞ்சை பெரும்பாலானவர்களிடம் தோற்றுப்போகிறது. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டிக்கொள்கிற நோயும் அல்ல. நோயாளியைத் தனியே ஒதுக்கி, தட்டு டம்ளரைப் பிரித்துவைக்கத் தேவையே இல்லை. 2021இல் சில வீடுகளில் அப்படிச் செய்தார்கள். பாவம், கண்ணையோ தாடையையோ இழந்து வந்தவர்களுக்கு அது இன்னொரு தண்டனை.

சர்க்கரை கூடினால் மூன்று விஷயம் நடக்கிறது

விஷயத்தின் மையம் இந்தப் பகுதிதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலாவது, நியூட்ரோஃபில்கள் மந்தமாகிவிடுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை தொடர்ந்து அதிகமாக இருந்தால் அவை தொற்று இருக்கும் இடத்தை நோக்கி நகர்வது குறைகிறது. போய்ச் சேர்ந்தாலும் கிருமியை விழுங்குவதிலும் அழிக்கும் ரசாயனத்தைச் சுரப்பதிலும் பின்தங்குகின்றன. ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை நன்றாகவே தெரியலாம், கூடுதலாகக்கூட இருக்கலாம். "வெள்ளை அணு நிறைய இருக்கே, அப்புறம் எப்படித் தொற்று வந்தது?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இருக்கிறது, வேலை செய்யவில்லை.

இரண்டாவது, இரும்பு. பூஞ்சை வளர இரும்புச்சத்து வேண்டும். நம் ரத்தத்தில் இரும்பு சும்மா மிதப்பதில்லை. டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் அதை இறுகப் பிடித்துக்கொண்டு வேண்டிய உறுப்புக்குக் கொண்டுபோகும், கிருமிகளுக்கு எளிதில் கிடைக்காது. சர்க்கரை கட்டுமீறிப் போய், இன்சுலின் போதாமல், உடல் கொழுப்பை எரித்து அதிலிருந்து கீட்டோன் என்ற அமிலப் பொருட்கள் ரத்தத்தில் குவியும் நிலை ஒன்று உண்டு. அதற்குக் கீட்டோஅசிடோசிஸ் என்று பெயர். ரத்தம் அப்படி அமிலத்தன்மை அடைந்ததும் டிரான்ஸ்ஃபெரினின் பிடி தளர்ந்து இரும்பு விடுபடுகிறது. போதாக்குறைக்கு, கீட்டோன் நிறைந்த அந்தச் சூழலிலும் வளர்வதற்கான நொதி ரைசோபஸிடம் இருக்கிறது. மற்ற கிருமிகள் பலவற்றுக்கு ஒத்துவராத இடம் அதற்கு மட்டும் வசதியாக அமைந்துவிடுகிறது.

(இதைப் படித்துவிட்டு ரத்தசோகைக்குத் தந்த இரும்பு மாத்திரையை யாரும் நிறுத்திவிட வேண்டாம். இங்கே சிக்கல் நாம் சாப்பிடும் இரும்பு அல்ல, பிடியிலிருந்து நழுவும் இரும்பு.)

மூன்றாவது, ரத்தக்குழாயின் உள்சுவர். எண்டோதீலியம் என்று அதற்குப் பெயர். ஒரே வரிசைச் செல்களால் ஆன மெல்லிய படலம். சர்க்கரையும் விடுபட்ட இரும்பும் கீட்டோனும் கூடும்போது இந்தச் செல்கள் ஜிஆர்பி78 என்ற புரதத்தைத் தங்கள் மேற்பரப்பில் அதிகமாக வெளிக்காட்டுகின்றன. மியூகோரேல்ஸ் பூஞ்சைகளின் மேல் இருக்கும் ஒரு புரதம் இதைப் பற்றிக்கொள்ளும்படி அமைந்திருக்கிறது. பற்றிய பூஞ்சை செல்லுக்குள் புகுந்து, அதைக் குலைத்து, ரத்தக்குழாய்க்குள் இறங்கிவிடுகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: வித்து எல்லோருக்கும் உள்ளே போகிறது. சர்க்கரை கட்டுமீறியவரிடம் அதைத் தடுக்கும் அணு மந்தமாக இருக்கிறது, அதற்குத் தேவையான இரும்பு கிடைக்கிறது, ரத்தக்குழாய்க்குள் இறங்கப் பிடிமானமும் கிடைக்கிறது. கட்டுக்குள் சர்க்கரை வைத்திருப்பவருக்கு இந்த மூன்றும் பெரிதும் இல்லை. "சர்க்கரை இருக்கிறவர்" என்று எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்துப் பயமுறுத்துவது அதனால்தான் சரியில்லை.

இதில் வைரஸ் எங்கே வருகிறது?

வைரஸ் நுழைந்ததும் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பச் சில புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றுக்குச் சைட்டோகைன் என்று பெயர். எந்த அணு எங்கே போக வேண்டும், எவ்வளவு தாக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் இவற்றின் வழியாகத்தான் நடக்கிறது. கடுமையான கொரோனாவில் இந்த ஒழுங்கு கெட்டது. தொடக்கத்தில் வைரஸைத் தடுக்க வேண்டிய சேதி தாமதமாகவோ பலவீனமாகவோ போனது. பிறகு அழற்சியைத் தூண்டும் சேதிகள் அளவில்லாமல் பாய்ந்து நுரையீரலையும் ரத்தக்குழாய்ச் சுவரையும் புண்ணாக்கின. அதே சமயம் லிம்போசைட் எண்ணிக்கை இறங்கியது. லிம்போசைட் என்பது கிருமியை அடையாளம் கண்டு மற்ற அணுக்களையும் நெறிப்படுத்தும் வெள்ளை அணு. ஆக, ஒரு பக்கம் மிகுதி, இன்னொரு பக்கம் பற்றாக்குறை, இரண்டும் ஒரே உடலில் ஒரே வாரத்தில்.

அத்தோடு எந்தக் கடும் காய்ச்சலும் சர்க்கரையை ஏற்றும். உடல் நெருக்கடியில் இருக்கும்போது கார்ட்டிசால், அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் கூடுகின்றன. அவை கல்லீரலை இன்னும் சர்க்கரை வெளிவிடச் சொல்கின்றன, இன்சுலினுக்குச் செல்கள் கட்டுப்படுவதும் குறைகிறது. சாப்பாடு பாதியாகக் குறைந்தும் சர்க்கரை ஏறுவது இதனால்தான். எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கேட்கிற உரையாடல் இது: "ஆச்சி, சர்க்கரை மாத்திரை போட்டீங்களா?" "கஞ்சியே ரெண்டு வாய்தான் இறங்குச்சு, மாத்திரை எதுக்குப்பா?" ஆச்சி சொல்வது நியாயமாகத்தான் தோன்றும். உடல் அந்த நியாயப்படி நடப்பதில்லை.

இது கொரோனாவோடு நின்றுபோகிற விஷயமும் அல்ல. கடுமையான இன்ஃபுளுயன்சா காய்ச்சலில் தீவிர சிகிச்சைக்குப் போனவர்களுக்கு அஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சை நுரையீரலைத் தாக்குவது மருத்துவர்களுக்குத் தெரிந்த ஒன்று. நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளையாகப் படியும் கேண்டிடா பூஞ்சையும் சர்க்கரை கூடினால் தலைகாட்டும். அது பெரும்பாலும் மருந்தால் எளிதில் போய்விடும், மியூகோர்மைகோசிஸ் அளவுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு நோய் தளர்த்திவிட்ட உடலில் இன்னொரு கிருமி வந்து பற்றுவதை இரண்டாம் நிலைத் தொற்று என்கிறார்கள்.

ஸ்டீராய்டு: உயிர் காத்த மருந்து, கவனம் தப்பினால் கேடு

அழற்சி அளவுமீறும்போது அதை அடக்கத் தருகிற மருந்து ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் எல்லாம் இதில் சேரும். இங்கிலாந்தில் நடந்த ரெகவரி என்ற பெரிய ஆய்வு 2020இல் ஒன்றைத் தெளிவாக்கியது. ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகளுக்குத் தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன், அதிகபட்சம் 10 நாள் கொடுத்ததில் சாவு குறைந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களிடம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை.

அந்தக் கடைசி வரி நம் ஊர்களில் பலருக்கும் போய்ச் சேரவில்லை. லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு, 6 மில்லிகிராமுக்குப் பதில் பல மடங்கு, 10 நாளுக்குப் பதில் வாரக்கணக்கில் என்று நடந்தது. ஸ்டீராய்டு ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. அழற்சியோடு சேர்த்து மேக்ரோஃபேஜையும் நியூட்ரோஃபிலையும் அடக்குகிறது. கூடவே ரத்தச் சர்க்கரையையும் கிடுகிடுவென்று ஏற்றுகிறது. மேலே சொன்ன மூன்று வழிகளும் இன்னும் அகலமாகத் திறக்கின்றன.

2021 மே நடுப்பகுதி வரை உலகெங்கும் மருத்துவ இதழ்களில் வெளியான 101 கொரோனா–மியூகோர் நோயாளிகளின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபோது சுமார் 80 சதவீதம் பேருக்குச் சர்க்கரை இருந்தது, நான்கில் மூன்று பங்குப் பேர் ஸ்டீராய்டு எடுத்திருந்தார்கள். அந்த 101இல் 82 பேர் இந்தியர்கள். 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு இதை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. ஜூன் மாத முடிவுக்குள் நாடு முழுவதும் 40,000க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்துவிட்டது.

ஸ்டீராய்டே கூடாது என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். மூச்சுத் திணறுகிறவருக்கு டாக்டர் எழுதினால் போட்டே ஆக வேண்டும். நான் அஞ்சுவது, மெடிக்கலில் போய் "காய்ச்சலுக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க" என்று கேட்டு, கவரில் கலந்து தருவதை அப்படியே விழுங்கும் பழக்கத்தை. அதில் ஒரு சின்ன மாத்திரை ஸ்டீராய்டாக இருந்தால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

மறுபடியும் சுருக்கினால்: வைரஸ் பாதுகாப்பைத் தடம் மாற்றுகிறது, சர்க்கரையை ஏற்றுகிறது. முறை தவறிய ஸ்டீராய்டு இரண்டையும் மோசமாக்குகிறது. ஏற்கெனவே சர்க்கரை கட்டில் இல்லாதவரிடம் இவை மூன்றும் ஒரே சமயத்தில் கூடுவதுதான் பூஞ்சைக்கு வாய்ப்பு.

கருப்பு நிறம் எதனுடையது?

பூஞ்சையினுடையது அல்ல. ரத்தக்குழாய்க்குள் இறங்கிய பூஞ்சை இழைகள் அங்கே ரத்தத்தை உறைய வைக்கின்றன. ரத்தம் போகாத திசு செத்துக் கருக்கிறது. மூக்குக்குள்ளும் அண்ணத்திலும் தெரிகிற கருப்பு, செத்த திசு. பூஞ்சை மூக்கில் தொடங்கி, அதையொட்டிய சைனஸ் என்ற எலும்பு அறைகளுக்குப் பரவி, கண்குழிக்கும் அங்கிருந்து மூளைக்கும் போகக்கூடியது.

இது புரிந்தால் சிகிச்சை ஏன் அவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதும் புரியும். ஆம்ஃபோடெரிசின் பி என்ற மருந்தை நரம்பு வழியாக வாரக்கணக்கில் ஏற்றுவார்கள், சிறுநீரகத்தைக் கண்காணித்தபடியே. ஆனால் மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போக முடியும், செத்த திசுவுக்கோ ரத்த ஓட்டம் இல்லை. ஆகவே அதை வெட்டி எடுத்தே ஆக வேண்டும். சீக்கிரம் வந்தால் சைனஸைச் சுத்தம் செய்வதோடு முடியலாம். தாமதித்தவர்களுக்குத்தான் மேல்தாடையையும் கண்ணையும் எடுக்க நேர்ந்தது.

வெங்காயத் தோலில் இருக்கும் கருப்பு இதுதான் என்று அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றியது. அது அஸ்பெர்ஜில்லஸ் வகை, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கழுவி உரித்துச் சமையுங்கள்.

காய்ச்சல் நாட்களில் வீட்டில் பார்க்க வேண்டியது

குளுக்கோமீட்டர் இருந்தால் காய்ச்சல் நாட்களில் நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை குத்திப் பாருங்கள், நோட்டில் எழுதிவையுங்கள். இல்லாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வருகிறவர்களிடமோ கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பிடவில்லை என்று அதைத் தாமாக நிறுத்தவே கூடாது. அளவை மாற்ற வேண்டியிருக்கும், அதை டாக்டரிடம் போனில் கேட்டால்கூடச் சொல்லிவிடுவார். மாத்திரைகளில் சிலவற்றைக் காய்ச்சல் நாட்களில் நிறுத்திவைக்க வேண்டிவரும், சிலவற்றைத் தொடர வேண்டும். இதுவும் கேட்டுச் செய்ய வேண்டியதே.

தெம்புக்கு என்று குளுக்கோஸ் பவுடரைக் கரைத்துக் கொடுப்பது இங்கே பலருடைய கை வைத்தியம். சர்க்கரை இறங்கிப் போயிருந்தால் சரி. 300க்கு மேல் இருப்பவருக்குக் கொடுத்தால் பூஞ்சைக்கு நாமே பரிமாறுகிறோம். கெட்டிக் கஞ்சிக்கும் அளவு வேண்டும். வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக மேல்மூச்சு வாங்குவது, மூச்சில் பழ வாடை இவை இருந்தால் கீட்டோன் கூடியிருக்கலாம். அப்போது விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

காய்ச்சல் விட்ட பிறகும் ஒரு மாதமாவது, பூட்டிய வீட்டைத் தட்டிப் பெருக்குவது, எருக்குழி கிளறுவது, வைக்கோல் பிரிப்பது போன்ற வேலைகளை வேறு யாரிடமாவது விடுங்கள். முடியாவிட்டால் மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள். எச்பிஏ1சி என்ற பரிசோதனை கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும். காய்ச்சல் இல்லாத சாதாரண நாட்களில் அதைப் பார்த்துச் சரிசெய்து வைத்திருப்பதைவிடப் பெரிய பாதுகாப்பு எந்த டானிக்கிலும் கிடையாது.

எந்த அறிகுறிக்கு ஓட வேண்டும்?

கருப்புப் பூஞ்சை பெரும்பாலும் வைரஸ் காய்ச்சல் தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் தெரியவரும். சாதாரணச் சளியிலிருந்து பிரித்துக் காட்டுவது, பல நேரம் இது முகத்தின் ஒரு பக்கமாகவே இருப்பது. ஒரு பக்க மூக்கடைப்பு, கருத்த அல்லது ரத்தம் கலந்த சளி, ஒரு பக்கக் கன்னத்தில் வலி அல்லது மரத்துப்போவது, திடீரென்று மேல்பல் ஆடுவது, ஒரு கண் வீங்குவது, இமை இறங்குவது, பார்ப்பது இரண்டாகத் தெரிவது, அண்ணத்தில் கருப்புத் திட்டு. ஆடுகிற பல்லுக்காகப் பல் டாக்டரிடமும், வீங்கிய கண்ணுக்காகக் கண் டாக்டரிடமும் அலைந்து நாளைக் கழித்தவர்கள் உண்டு. போக வேண்டியது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம். காரைக்குடி அரசு மருத்துவமனையோ, சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எது பக்கமோ அங்கே அன்றைக்கே போய்விடுங்கள்.

போனதும் இந்த விஷயங்களைச் சொல்லுங்கள்: சர்க்கரை எவ்வளவு நாளாக இருக்கிறது, கடைசியாகப் பார்த்த அளவு என்ன, காய்ச்சல் எப்போது வந்தது, அதற்கு ஸ்டீராய்டு போட்டார்களா, எத்தனை நாள். சீட்டு இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். இதைக் கேட்டால் டாக்டர் மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டுப் பார்ப்பார், சந்தேகம் இருந்தால் ஒரு துளி திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்புக்கு அனுப்புவார். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்துப் பார்த்தால் அகலமான பூஞ்சை இழைகள் அன்றைக்கே தெரிந்துவிடும், சிகிச்சையையும் அன்றைக்கே தொடங்கிவிடலாம்.